விண்டோஸ் விஎம்மை விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் நீலத்திரை, தைப்பூச விடுமுறைக்குள் முடிக்க வேண்டும்

பாயான்_லெப்பாஸ்_சர்வர் (பினாங்கு) எழுதியது:

வணக்கம் அண்ணன்மார்களே. சின்ன உதிரிப்பாகத் தொழிற்கூடம், ஒரே ஒரு ஹோஸ்ட் (விஎம் என்ற மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வர்). பிராட்காம் கைக்குப் போனபின் விஎம்வேரில் நிரந்தர உரிமம் இல்லை என்று ஆகிவிட்டதால் ப்ராக்ஸ்மாக்ஸ் 8 என்ற மெய்நிகராக்க மென்பொருளுக்கு வந்துவிட்டோம். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து மூன்று விஎம்களை இறக்கினேன்:

ஒன்று, விண்டோஸ் சர்வர் 2019. கணக்கு மென்பொருளும் எஸ்க்யூஎல் சர்வரும் இதில்தான். சி டிரைவ் 120 ஜிபி, தரவுத்தளம் இருக்கும் டி டிரைவ் 300 ஜிபி. இரண்டு, உபுண்டு 22.04. மூன்று, லேபிள் அச்சிடும் பழைய சென்ட்ஓஎஸ் 7.

மூன்றிலும் வட்டு சாட்டாவில், நெட்வொர்க் அட்டை இ1000-இல் (இரண்டும் நிஜ வன்பொருளைப் போல நடிப்பவை). ஓடுகிறது, ஆனால் மாட்டுவண்டி வேகம். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் ஹோஸ்டில் ஒரு கோர் முழுவதும் அதற்கே போய்விடுகிறது.

விர்ட்ஐஓ (விஎம்முக்கென்றே செய்த வேகமான சாதன வகை) டிரைவர்களின் ஐஎஸ்ஓ வட்டுப்படிமத்தை இறக்கி, விண்டோஸுக்குள் அதன் நிறுவியை ஓட்டினேன். எல்லாம் வெற்றி என்றது. விஎம்மை நிறுத்தி, சி டிரைவை சாட்டாவிலிருந்து கழற்றி ஸ்கஸியில் மாட்டி இயக்கினால் நீலத்திரை: 'இனாக்சஸிபிள் பூட் டிவைஸ்'. மறுபடி சாட்டாவில் மாட்டினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஏறுகிறது. டிரைவர்தான் உள்ளே இருக்கிறதே, பிறகு ஏன் வட்டைப் பார்க்கவில்லை?

தைப்பூசத்தன்று கூடம் மூடியிருக்கும். மறுநாள் காலை 8 மணி ஷிஃப்டுக்குள் மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியாது: இறக்கியதிலிருந்து விண்டோஸின் கடிகாரம் 8 மணி நேரம் பின்னால் நிற்கிறது. கையால் சரிசெய்தாலும் விஎம்மை நிறுத்தி இயக்கினால் பழையபடி ஆகிவிடுகிறது.

---

செந்தூல்_ரேக் (கோலாலம்பூர்) பதில்:

கடைசியாகக் கேட்டதுதான் முதல் துப்பு. அந்த விஎம்மின் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் ஓஎஸ் வகை 'அதர்' என்றோ லினக்ஸ் என்றோ இருக்கும், பாருங்கள். விண்டோஸ் தன் மதர்போர்டு கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுகிறது என்று நம்பும். ப்ராக்ஸ்மாக்ஸோ, ஓஎஸ் விண்டோஸ் என்று சொல்லாதவரை யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைக் கொடுக்கும். நம் ஊர் யூடிசிக்கு 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அந்த எட்டுதான் இது. வகையை விண்டோஸ் 10/2016/2019 என்று மாற்றுங்கள், கடிகாரம் சரியாகும். அதோடு ஹைப்பர்-வி வகைச் சலுகைகளும் தானாகச் சேரும்: நேரம் படிப்பது, ஸ்பின்லாக் என்ற பூட்டில் காத்திருப்பது போன்றவற்றுக்கு கெஸ்ட் (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்) நேரடியாக ஹோஸ்டிடம் பேசும் வழிகள். அவையும் பாராவர்ச்சுவல் (கெஸ்ட் தான் விஎம் என்று அறிந்து ஹோஸ்டோடு ஒத்துழைக்கும்) வேலைதான், ஆனால் டிரைவர் எதுவும் போடத் தேவையில்லை. விண்டோஸுக்கே அவற்றைப் பேசத் தெரியும்.

இப்போது நீலத்திரை. இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

முதலாவது பலர் விழும் குழி. வட்டின் பஸ் 'ஸ்கஸி' என்று தேர்ந்தெடுத்துவிட்டால் அது விர்ட்ஐஓ ஆகிவிடாது. வட்டு எந்தக் கம்பியில் தொங்குகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. கம்பியின் மறுமுனையில் இருக்கும் கண்ட்ரோலர் எது என்பது 'ஹார்ட்வேர்' பக்கத்தில் தனி வரியாக இருக்கும். அதில் எல்எஸ்ஐ 53சி895ஏ என்று இருந்தால், சர்வர் 2019-க்குள் அந்தப் பழைய சிப்புக்கு டிரைவரே கிடையாது. நீங்கள் விர்ட்ஐஓ டிரைவரை ஆயிரம் தடவை போட்டாலும் நீலத்திரைதான். அந்த வரியை 'விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்' என்று மாற்றுங்கள். சி டிரைவ் இன்னும் சாட்டாவில் இருக்கும்போதே மாற்றலாம், ஒன்றும் ஆகாது.

இரண்டாவது, நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில். நிறுவி டிரைவர் கோப்புகளை விண்டோஸின் டிரைவர் கிடங்கில் வைத்துவிட்டுப் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த டிரைவருக்கு உரிய சாதனத்தை விண்டோஸ் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்தால்தான் அதற்கு ஒரு சர்வீஸ் பதிவு எழுதி, 'பூட் நேரத்திலேயே ஏற்று' என்று குறித்து வைக்கும். உங்கள் விஎம்மில் அப்படி ஒரு கண்ட்ரோலர் இருந்ததே இல்லை. பூட்டின் தொடக்கத்தில் கிடங்கைத் திறந்து தேட விண்டோஸால் முடியாது. கிடங்கு இருப்பதே அந்த வட்டுக்குள். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை.

ஆகவே அந்தச் சாதனத்தை முதலில் காட்ட வேண்டும். இந்த வரிசையில் செய்யுங்கள்:

விஎம்மை நிறுத்தி ஒரு பேக்கப், ஒரு ஸ்னாப்ஷாட். ஸ்னாப்ஷாட்டுக்குள் விஎம்மின் அமைப்புக் கோப்பும் சேர்ந்திருக்கும் என்பதால், சொதப்பினால் ஒரே சொடுக்கில் சாட்டா காலத்துக்குத் திரும்பலாம். எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ், க்யூகவ்2 ஆகிய சேமிப்பு வகைகளில் ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-இல் சாதாரண எல்விஎம்மில் எடுக்க முடியாது, பேக்கப் மட்டும்தான்.

பிறகு 1 ஜிபியில் ஒரு பொம்மை வட்டு சேருங்கள். பஸ் ஸ்கஸி, எண் 5. சியும் டியும் சாட்டாவிலேயே இருக்கட்டும். விண்டோஸை இயக்கி டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'ஸ்டோரேஜ் கண்ட்ரோலர்ஸ்' கிளையில் 'ரெட் ஹாட் விர்ட்ஐஓ ஸ்கஸி பாஸ்-த்ரூ கண்ட்ரோலர்' என்று வந்திருக்க வேண்டும். வராமல் மஞ்சள் குறியோடு வெறும் 'ஸ்கஸி கண்ட்ரோலர்' என்று நின்றால், அதை வலச்சொடுக்கி ஐஎஸ்ஓவில் விஐஓஸ்கஸி அடைவு, அதற்குள் 2கே19, அதற்குள் ஏஎம்டி64 என்று காட்டுங்கள். டிஸ்க் மேனேஜ்மெண்டில் 1 ஜிபி வட்டு தெரிந்தால் வேலை முடிந்தது. அதை இனிஷியலைஸ் செய்யத் தேவையில்லை.

இப்போது முழுதாக நிறுத்துங்கள். ஹார்ட்வேர் பக்கத்தில் சாட்டா 0-ஐத் தேர்ந்து 'டிடாச்'. அது 'அன்யூஸ்டு டிஸ்க்' என்று கீழே போய் நிற்கும். கவனம்: அங்கே அதே இடத்தில் இருக்கும் பொத்தான் இப்போது 'ரிமூவ்' என்று மாறியிருக்கும். பதற்றத்தில் அதை இன்னொரு தடவை அழுத்தி உறுதியும் செய்துவிட்டால் வட்டே அழிந்துவிடும். அழுத்த வேண்டியது 'எடிட்'. பஸ் ஸ்கஸி, எண் 0, 'டிஸ்கார்ட்' குறி, 'ஐஓ த்ரெட்' குறி.

கடைசியாக ஆப்ஷன்ஸில் பூட் வரிசை. பழைய சாட்டா 0 பட்டியலிலிருந்து போயிருக்கும், ஸ்கஸி 0 சேர்ந்திருக்கும், ஆனால் அதில் குறி இருக்காது. குறியிட்டு மேலே இழுத்து விடுங்கள். இதை மறந்தால் வருவது நீலத்திரை இல்லை, 'பூட் செய்ய ஒன்றும் இல்லை' என்ற கறுப்புத்திரை. அந்த வித்தியாசத்தைக் கவனித்தாலே பாதி பிரச்சினையைக் கண்டுபிடித்துவிடலாம்.

சி ஏறியபின் டியை அதேபோல் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாதீர்கள்.

---

ஜெலுத்தோங்_பைட் (பினாங்கு) பதில்:

செந்தூல் அண்ணன் சொன்னதற்கு மேல் இரண்டு சேர்க்கை.

கறுப்புத்திரையிலும் ஒரு வகை உண்டு. இஎஸ்எக்ஸ்ஐயில் அந்த விஎம் யூஇஎஃப்ஐ என்ற புதிய வகை ஃபர்ம்வேரில் பூட் ஆகியிருந்தால் இங்கே அதற்கான ஓவிஎம்எஃப் வேண்டும், பழைய பயாஸில் ஆகியிருந்தால் சீபயாஸ். மாற்றி வைத்தால் எந்த டிரைவரும் காப்பாற்றாது. உங்கள் விஎம் சாட்டாவில் ஏறுகிறது என்பதால் அது சரியாகத்தான் இருக்கிறது, இடையில் அதைத் தொடாமல் இருந்தால் போதும். ஐ440எஃப்எக்ஸ், க்யூ35 என்ற மெஷின் வகையையும் இந்த நாளில் மாற்றாதீர்கள். அதை மாற்றினால் பிசிஐ விலாசமே மாறி எல்லாச் சாதனமும் விண்டோஸுக்குப் புதிதாகத் தெரியும்.

பொம்மை வட்டு வழியை விட்டு நேராகக் குதித்து மாட்டிக்கொண்டவர்களுக்கு, அல்லது சாட்டாவுக்குத் திரும்ப முடியாதவர்களுக்கு: சர்வர் 2019 நிறுவல் ஐஎஸ்ஓவை ஒரு சிடி டிரைவிலும் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை இன்னொன்றிலும் வைத்து, முதலாவதிலிருந்து பூட் செய்து, 'ரிப்பேர்' வழியாகக் கட்டளைத் திரைக்குப் போங்கள். அங்கே 'டிஆர்விலோடு' என்ற கட்டளைக்குப் பின்னால் விஐஓஸ்கஸி, 2கே19, ஏஎம்டி64 அடைவில் இருக்கும் விஐஓஸ்கஸி ஐஎன்எஃப் கோப்பின் முழுப்பாதையைக் கொடுங்கள். அந்த நிமிடத்திலேயே வட்டு தெரியும். ஆனால் இது அந்த மீட்புத் திரைக்கு மட்டும்தான். நிரந்தரமாக ஏற்ற 'டிஸ்ம்' கட்டளையில் 'இமேஜ்' என்பதற்கு விண்டோஸ் இருக்கும் டிரைவையும், 'ஆட்-டிரைவர்' என்பதோடு அதே ஐஎன்எஃப்பையும் தர வேண்டும். மீட்புத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கும். சி என்று நினைப்பது வேறு பகுதியாக இருக்கலாம். 'டிஆர்' போட்டு விண்டோஸ் அடைவைக் கண்ணால் பார்த்துவிட்டு அடியுங்கள்.

பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டு மறையாக்கம்) போட்டிருந்தால் தொடங்கும் முன் அதை இடைநிறுத்துங்கள், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் மாறியதென்று அது நடுராத்திரியில் 48 இலக்கம் கேட்கும்.

விஎம்வேர் டூல்ஸ் இன்னும் உள்ளே இருக்கிறதா? அதை இஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும்போதே நீக்கியிருக்க வேண்டும். இங்கே வந்தபின் அதன் நீக்கி 'நான் விஎம்வேருக்குள் இல்லையே' என்று மறுத்துவிடும்.

---

பங்சார்_கர்னல் (கோலாலம்பூர்) பதில்:

லினக்ஸ் இரண்டையும் யாரும் தொடவில்லையே. அதுதான் சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள், சென்ட்ஓஎஸ் 7 கழுத்தறுக்கும்.

விர்ட்ஐஓ டிரைவர்கள் 2008-லிருந்தே லினக்ஸ் கர்னலோடு வருகின்றன, எதையும் இறக்க வேண்டியதில்லை. ஆனால் கர்னலுக்குள் இருப்பது வேறு, இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்க பூட் படிமத்துக்குள் இருப்பது வேறு. ரெட் ஹாட் வம்சத்தில் டிராகட் கருவி, படிமம் கட்டும் நேரத்தில் எந்த வன்பொருள் இருக்கிறதோ அதற்கான டிரைவர்களை மட்டும் உள்ளே போடும். உங்கள் படிமம் இஎஸ்எக்ஸ்ஐயில் கட்டப்பட்டது. விர்ட்ஐஓவுக்கு மாற்றினால் சில நிமிடம் காத்திருந்துவிட்டு, ரூட் வால்யூம் 'இல்லை' என்று சொல்லி அவசர ஷெல்லில் கொண்டுபோய் விடும். விண்டோஸின் நீலத்திரையும் இதுவும் ஒரே நோய்தான், சட்டைதான் வேறு.

மாற்றும் முன்பே செய்துவிடுங்கள்: டிராகட்டை 'ஆட்-டிரைவர்ஸ்' விருப்பத்தோடு ஓட்டி விர்ட்ஐஓ_பிசிஐ, விர்ட்ஐஓ_ஸ்கஸி, விர்ட்ஐஓ_பிஎல்கே, விர்ட்ஐஓ_நெட் நான்கையும் கொடுத்து, '-எஃப்' சேர்த்துப் படிமத்தை மேலெழுதுங்கள். பிறகு படிமத்தில் உள்ளதைப் பட்டியலிடும் எல்எஸ்இனிட்ஆர்டி கட்டளையின் வெளியீட்டில் விர்ட்ஐஓ என்று தேடிப் பாருங்கள். நான்கும் கண்ணில் படாமல் விஎம்மை நிறுத்தாதீர்கள்.

மறந்து மாட்டிக்கொண்டால் பயப்பட வேண்டாம். கிரப் என்ற பூட் பட்டியலின் அடியில் 'ரெஸ்க்யூ' என்று ஒரு வரி எப்போதும் இருக்கும். அந்தப் படிமத்தில் எல்லா டிரைவரும் உண்டு. அதில் ஏறி 'டிராகட் -எஃப் --ரீஜெனரேட்-ஆல்' போட்டு மறுபடி இயக்குங்கள். பத்து நிமிட வேலை.

உபுண்டுவில் இந்தத் தொல்லை இல்லை, அதன் படிமத்தில் பெரும்பாலான டிரைவர்கள் ஏற்கெனவே இருக்கும். அங்கே இடிப்பது நெட்வொர்க் பெயர். விஎம்வேரில் இஎன்எஸ்160, இஎன்எஸ்192 என்றெல்லாம் இருந்தது ப்ராக்ஸ்மாக்ஸில் முதல் அட்டைக்குப் பெரும்பாலும் இஎன்எஸ்18 ஆகும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் அமைப்புக் கோப்பில் பழைய பெயர் இருந்தால் ஐபி வராது, எஸ்எஸ்எச்சும் போகாது. ப்ராக்ஸ்மாக்ஸின் கன்சோலில் நுழைந்துதான் திருத்த வேண்டும். பெயரை நம்பாமல் அட்டையின் தனி எண்ணான மேக் விலாசத்தை வைத்துப் பொருத்தும்படி எழுதுங்கள். எழுதியபின் 'நெட்பிளான் டிரை' போடுங்கள். 120 வினாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அது தானாகப் பழைய அமைப்புக்குத் திரும்பும். சென்ட்ஓஎஸ்ஸில் அதே வேலையைச் செய்யும் ஐஎஃப்சிஎஃப்ஜி கோப்பின் பெயர், அதற்குள் 'டிவைஸ்' வரி, 'நேம்' வரி மூன்றும் மாற வேண்டும்.

எந்த வட்டுப் பகுதி எங்கே ஏறும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பை ஒரு தடவை பாருங்கள். யூயூஐடி என்ற அடையாள எண்ணோ எல்விஎம் பெயரோ இருந்தால் நலம். விர்ட்ஐஓ ஸ்கஸியில் வட்டின் பெயர் எஸ்டிஏ என்றே தொடரும். விர்ட்ஐஓ பிளாக் தேர்ந்தெடுத்தால் விடிஏ ஆகிவிடும். பழைய விஎம்களுக்கு ஸ்கஸியே போதும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அது வேறு இழையில் அடிபட வேண்டிய விஷயம் லா.

---

பாயான்_லெப்பாஸ்_சர்வர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. கண்ட்ரோலர் வரியைப் பார்த்தேன், எல்எஸ்ஐதான்! ஓஎஸ் வகையும் 'அதர்'. இரண்டையும் மாற்றினேன், கடிகாரம் சரி.

விண்டோஸை ஒரு குளோன் எடுத்து அதில் ஒத்திகை பார்த்தேன். அசல் நிறுத்தப்பட்டிருக்கிறது, குளோனைத் தனிப் பிரிட்ஜில் (தனி மெய்நிகர் நெட்வொர்க்) விட்டிருக்கிறேன். பொம்மை வட்டு வழியில் சி டிரைவ் முதல் தடவையிலேயே ஏறியது. ஆனால் மூன்று சிக்கல்கள்.

டி டிரைவை ஸ்கஸிக்கு மாற்றியதும் எஸ்க்யூஎல் சர்வீஸ் ஏறவில்லை. எக்ஸ்ப்ளோரரில் டி என்ற டிரைவே காணோம்.

நெட்வொர்க்கை விர்ட்ஐஓவுக்கு மாற்றி, பழைய நிலையான ஐபியைப் போட்டால் 'இந்த ஐபி வேறொரு அட்டைக்கு ஏற்கெனவே தரப்பட்டுள்ளது' என்கிறது. வேறு அட்டையே கிடையாது!

டிவைஸ் மேனேஜரில் இன்னும் இரண்டு மஞ்சள் குறிகள்: 'பிசிஐ டிவைஸ்' ஒன்று, 'பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கண்ட்ரோலர்' ஒன்று. விடலாமா? இத்தனைக்கும் நிறுவியை ஓட்டியிருக்கிறேன்.

---

பட்டர்வொர்த்_லேன் (பினாங்கு) பதில்:

தம்பி, ஒத்திகை பார்த்தீர்கள் பாருங்கள், அதனாலேயே இத்தனையும் இப்போது வெளியே வந்தது.

டி காணாமல் போகவில்லை, ஆஃப்லைனில் இருக்கிறது. விண்டோஸ் சர்வருக்கு 'சான் பாலிசி' என்று ஒன்று உண்டு. பகிரப்பட்டதாக இருக்கக்கூடிய பஸ்ஸில் புதிதாக ஒரு வட்டைக் கண்டால், வேறொரு சர்வரும் அதை எழுதிக்கொண்டிருக்கலாம் என்று எண்ணித் தொடாமல் விட்டுவிடும். பூட் வட்டுக்கு மட்டும் விதிவிலக்கு, அதனால்தான் சி பிழைத்தது. டிஸ்க்பார்ட்டைத் திறந்து 'லிஸ்ட் டிஸ்க்' போட்டு 300 ஜிபி வட்டின் எண்ணைப் பாருங்கள். 'செலக்ட் டிஸ்க்' அந்த எண், பிறகு 'ஆன்லைன் டிஸ்க்', பிறகு 'ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி'. கடைசிக் கட்டளையை விட்டுவிட்டால் டிரைவ் தெரியும், எழுத விடாது. எஸ்க்யூஎல் அப்போதும் விழும், நீங்கள் அனுமதிகளை நோண்டிக்கொண்டு இருப்பீர்கள். டிரைவ் எழுத்து ஈ என்று மாறியிருந்தால் டியாகத் திருத்திவிட்டு சர்வீஸை இயக்குங்கள்.

ஐபி விஷயம் பேய் அட்டை. இ1000 கழன்றுவிட்டது, ஆனால் அதன் பதிவும் ஐபியும் ரிஜிஸ்ட்ரியில் அப்படியே இருக்கின்றன. டிவைஸ் மேனேஜரில் 'வியூ' பட்டியலில் 'மறைந்த சாதனங்களைக் காட்டு' என்பதைத் தேர்ந்து, நெட்வொர்க் கிளையில் மங்கலாகத் தெரியும் இன்டெல் அட்டையை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். விஎம்எக்ஸ்நெட்3 என்று இன்னொரு பேயும் இருக்கும், அது விஎம்வேர் காலத்தது. அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு ஐபி, டிஎன்எஸ், கேட்வே மூன்றையும் புதிதாகப் போடுங்கள்.

அசலில் செய்யும்போது, வட்டு மாற்றமும் நெட்வொர்க் மாற்றமும் தனித்தனித் தடவையாக இருக்கட்டும். அட்டையின் மாடலை மட்டும் மாற்றுங்கள், நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மேக் விலாசம் மாறும். கணக்கு மென்பொருளின் உரிமம் மேக்கோடு கட்டப்பட்டிருந்தால் காலை 8 மணிக்கு யாரும் இன்வாய்ஸ் அடிக்க முடியாது. வட்டு எண்ணோடு கட்டும் மென்பொருளும் உண்டு, விற்றவரிடம் விடுமுறைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

விர்ட்ஐஓ அட்டை ஏறியபின் விண்டோஸ் 10 ஜிபிபிஎஸ் என்று காட்டும். உங்கள் சுவிட்ச் 1 ஜிகாபிட்டாக இருந்தாலும் அப்படித்தான் காட்டும். அது வெறும் எண், மயங்க வேண்டாம். உண்மையான லாபம் வேறு இடத்தில். இ1000 என்பது இன்டெல்லின் 82540இஎம் சிப்பைக் கம்பி கம்பியாக நடிக்கும் மென்பொருள். கெஸ்ட் ஒவ்வொரு ரிஜிஸ்டரைத் தொடும்போதும் சிபியு கெஸ்ட்டை விட்டு வெளியேறி, ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடியில் விஎம்மை ஓட்டும் க்யூஎம்யூ அந்தச் சிப் என்ன செய்திருக்கும் என்று நடித்துக் காட்டிவிட்டு உள்ளே திரும்ப வேண்டும். ஒவ்வொரு டோலிலும் நின்று நின்று காசு கொடுத்துப் போவதுபோல. விர்ட்ஐஓவில் இரு தரப்பும் நினைவகத்தில் ஒரு வளையத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. கெஸ்ட் பல பாக்கெட்டுகளை வளையத்தில் அடுக்கிவிட்டு ஒரே ஒரு தடவை மணியடிக்கிறது. உங்கள் ஹோஸ்டில் ஒரு கோரை விழுங்கியது இந்த நடிப்புதான்.

நெட்வொர்க் அட்டையின் மல்டிக்யூ பெட்டியில், விஎம்முக்குக் கொடுத்த வி-சிபியு எண்ணிக்கையைப் போடுங்கள், 4 என்றால் 4. அதற்கு மேல் போட்டு ஒரு பயனும் இல்லை.

---

செந்தூல்_ரேக் பதில்:

மஞ்சள் குறிகளுக்கு: பெயரைப் பார்க்காதீர்கள், 'டீடெய்ல்ஸ்' தாவலில் ஹார்ட்வேர் ஐடியைப் பாருங்கள். வெண்டர் 1ஏஎஃப்4 என்று இருந்தால் அது விர்ட்ஐஓ குடும்பம். டிவைஸ் 1000 நெட்வொர்க், 1001 பிளாக், 1002 பலூன் (விஎம்மின் நினைவகத்தை ஹோஸ்ட் திரும்பப் பெறும் சாதனம்), 1003 சீரியல், 1004 ஸ்கஸி. உங்கள் 'பிசிஐ டிவைஸ்' 1002-ஆகவும் மற்றது 1003-ஆகவும் இருக்கும். நிறுவி ஓடியபோது ஏதாவது ஒரு கூறு விடுபட்டிருக்கலாம். வலச்சொடுக்கி, டிரைவரைப் புதுப்பி, ஐஎஸ்ஓவின் வேரைக் காட்டி, துணை அடைவுகளையும் தேடச் சொல்லுங்கள்.

சீரியல் டிரைவர் கட்டாயம். க்யூஎம்யூ கெஸ்ட் ஏஜெண்ட் (கெஸ்ட்டுக்குள் ஓடும் உதவி நிரல்) ஹோஸ்டோடு பேசுவது அதன் வழியாகத்தான். அது இல்லாமல் ஏஜெண்டை மட்டும் நிறுவினால் சர்வீஸ் ஏறாது. ஐஎஸ்ஓவின் கெஸ்ட்-ஏஜெண்ட் அடைவில் அதன் எம்எஸ்ஐ நிறுவல் கோப்பு இருக்கிறது. நிறுவியபின் ப்ராக்ஸ்மாக்ஸின் ஆப்ஷன்ஸிலும் ஏஜெண்டை இயக்குங்கள். கெஸ்ட்டுக்குள் ரீஸ்டார்ட் கொடுத்தால் இது போன்ற மாற்றங்கள் ஏறாது, வேறு நிறத்தில் 'பெண்டிங்' என்றே நிற்கும். முழுதாக நிறுத்தி இயக்க வேண்டும், அல்லது ப்ராக்ஸ்மாக்ஸின் ரீபூட் பொத்தானை அழுத்த வேண்டும். கடைசியில் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் வரும்.

ஏஜெண்ட் வந்தால் பேக்கப் எடுக்கும்போது விண்டோஸின் விஎஸ்எஸ் (நிழல்நகல் சேவை) வழியாகத் தரவுத்தளம் ஒரு நொடி உறைந்து, ஒழுங்கான நிலையில் நகலாகும். எஸ்க்யூஎல்லில் தனியாக டிஃபரன்ஷியல் (முந்தைய முழு நகலுக்குப் பின் மாறியதை மட்டும்) பேக்கப் எடுக்கும் வழக்கம் இருந்தால் அந்தச் சங்கிலி இதனால் அறுபடுகிறதா என்று ஒரு தடவை மீட்டுப் பாருங்கள்.

பலூன் டிரைவரை நிறுவுங்கள், ஆனால் இந்த விஎம்முக்குப் பலூனை இயக்காதீர்கள். குறைந்தபட்ச நினைவகத்தையும் மொத்த நினைவகத்தையும் ஒரே எண்ணாக வையுங்கள்.

---

ஜெலுத்தோங்_பைட் பதில்:

பலூனில் அண்ணனோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். நினைவகம் இறுக்கமாக இருக்கும் ஒற்றை ஹோஸ்டில், அந்த உபுண்டுவுக்குப் பலூன் நல்லதுதான். ஹோஸ்டின் ரேம் 80% தாண்டினால்தான் ப்ராக்ஸ்மாக்ஸ் பிடுங்கத் தொடங்கும். எஸ்க்யூஎல்லுக்கு வேண்டாம் என்பதில் மறுபேச்சில்லை. அது கொடுத்த நினைவகம் முழுவதையும் தற்காலிகச் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் பிராணி. பலூன் பிடுங்கினால் பேஜ் கோப்புக்குத் தள்ளிவிட்டு எல்லோரையும் காக்க வைக்கும்.

கேஷ் முறை பற்றி யாரும் சொல்லவில்லை. இயல்பான 'நோ கேஷ்' அப்படியே இருக்கட்டும். வேகம் போதவில்லை என்று 'ரைட் பேக் அன்சேஃப்' பக்கம் போய்விடாதீர்கள். தரவை வட்டில் இறக்கு என்று கெஸ்ட் கேட்பதை அது காதிலேயே போட்டுக்கொள்ளாது. சாயங்கால இடி மழையில் ஒரு தடவை மின்சாரம் போனால் தரவுத்தளம் கந்தல்.

விர்ட்ஐஓ டிரைவர் ஐஎஸ்ஓவின் பதிப்பு எண்ணையும் பாருங்கள். சர்வர் 2019-க்கு இன்றைய நிலையான ஐஎஸ்ஓ போதும். வட்டு வேலை அதிகமாகும்போது ஈவண்ட் வியூவரில் விஐஓஸ்கஸி பெயரில் 129 என்ற எண்ணோடு 'ரீசெட் டு டிவைஸ்' எச்சரிக்கை வரிசையாக வந்து, விஎம் சில நொடிகள் உறைந்தால், அது சில பதிப்புகளில் பலர் கண்ட குறை. 0.1.208-க்கு இறங்கித் தப்பித்தவர்கள் நிறைய. பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: 2012 ஆர்2-க்கு 0.1.189, விண்டோஸ் 7 மற்றும் 2008 ஆர்2-க்கு 0.1.173. அதற்குப் பிந்திய ஐஎஸ்ஓவில் அவற்றைத் தேடாதீர்கள்.

---

பாயான்_லெப்பாஸ்_சர்வர் எழுதியது:

குளோனில் மூன்றும் தீர்ந்தன. ஐடி 1002, 1003, சொன்னபடியே. டி டிரைவ் ஆன்லைனுக்கு வந்தது, ரீட்ஒன்லியை நீக்கும்வரை எஸ்க்யூஎல் அடம்பிடித்தது. மறைந்த சாதனங்களில் ஒரு இன்டெல்லும் இரண்டு விஎம்எக்ஸ்நெட்டும் இருந்தன.

சென்ட்ஓஎஸ் குளோனில் வேண்டுமென்றே டிராகட் போடாமல் மாற்றிப் பார்த்தேன். அவசர ஷெல், பிறகு ரெஸ்க்யூ வரி, பிறகு ஏறியது. அசலில் முன்கூட்டியே போட்டுவிடுவேன்.

விடுமுறையன்று வரிசை: முதலில் சென்ட்ஓஎஸ், பிறகு உபுண்டு, கடைசியில் விண்டோஸ். சரிதானே? பொம்மை வட்டை எப்போது எடுக்கலாம்?

---

பட்டர்வொர்த்_லேன் பதில்:

விண்டோஸை முதலில் வையுங்கள் தம்பி. அதில்தான் நேரம் போகும், மதியத்துக்குள் தெரிந்துவிட்டால் திரும்பிப் போக அவகாசம் இருக்கும். தண்ணீர்மலை ரோட்டுப் பக்கம் அன்றைக்கு வண்டி நகராது என்பதால், அந்தப் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தால் விடிவதற்குள் கூடத்துக்கு வந்துவிடுங்கள்.

பொம்மை வட்டை, சி ஸ்கஸியில் ஏறிய மறுநிமிடமே எடுக்கலாம். ஆனால் அதைச் சேர்த்தபின் எடுத்த ஸ்னாப்ஷாட் ஏதாவது இருந்தால் அந்த வட்டையும் அது பிடித்து வைத்திருக்கும், அப்போது முதலில் அந்த ஸ்னாப்ஷாட், பிறகு வட்டு. தொடக்கத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை இரண்டு மூன்று வேலைநாள் வைத்திருந்துவிட்டு நீக்கிவிடுங்கள். எல்விஎம்-தின் பூல் நிரம்பினால் இந்த விஎம் மட்டும் நிற்காது, அதில் இருக்கும் எல்லாமே ஒன்றாக நிற்கும். ஒத்திகைக் குளோன்களும் அதே பூலில்தானே இருக்கின்றன? அவற்றை விடுமுறைக்கு முந்தின நாளே அழித்துவிட்டு, 'டேட்டா' சதவீதம் எவ்வளவு என்று எல்விஎஸ் கட்டளையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.